மூத்தோர் பந்தி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகர்கோவில் சந்திப்பில் வண்டி நின்றபோது நல்ல சாரல். திருச்சியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். படுக்கைச் சீட்டு இருநூற்று எழுபது ரூபாய் சொச்சம். எனக்கு வயது அறுபத்தேழு. ரயிலில் முதியோர் சலுகை நின்று சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆக, பயணச்சீட்டு வாங்கும் இடத்தில் நான் முதியவள் இல்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இந்த நாட்டில் எல்லோருக்கும் நான் முதியவள்.

வந்த காரியம் அசனம். குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் பிறந்த ஊர்ச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விருந்து அது. பணக்காரர், ஏழை, போதகர், ரப்பர் வெட்டப் போகிறவர் என்று பேதமில்லாமல் எழுநூறு எண்ணூறு பேர் ஆலய மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும் சாப்பிடுவோம். போன இரண்டு வருஷமும் முழங்கால் வலியால் நான் வரவில்லை. இந்த வருஷம் அண்ணன் தொலைபேசியில், "நீ வா பிள்ளே, இங்க கொஞ்சம் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஜஸ்டஸ் அண்ணனுக்கு எழுபத்தாறு வயது. அவர் வாயிலிருந்து பிரச்சினை என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

ஏழு மணி. வடசேரிக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேருந்து நிலையத்தின் எதிரில் பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்த காலத்தில் இதே தெருவில் நாலு தோசையும் இரண்டு ரசவடையும் தின்றுவிட்டு, தோழியின் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தவள் நான். இப்போது ஒரு அப்பம், ஒரு ரசவடை. அதற்குமேல் வயிறு கதவைச் சாத்திவிடுகிறது. சரி, அது என் வயிறு, அதன் இஷ்டம். ஆனால் பரிமாறுகிறவர் என்னைப் பார்த்ததுமே உள்ளே திரும்பி, "சீனி இல்லாம ஒரு காப்பி" என்று குரல் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதியும் இல்லை. உண்மையில் அறுபது தாண்டிய பிறகுதான் எனக்கு இனிப்பு மேல் இப்படி ஒரு ஆசை வந்திருக்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். அவர் என் பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்பட்டவர் மாதிரி போனார். அப்பம் பன்னிரண்டு ரூபாய், வடை பத்து, காப்பி பதினைந்து. அனுதாபத்துக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மருமகள் பிரியா, ராத்திரி ஆனால் "அத்தை, ரெண்டு இட்லி போதும்ல" என்பாள். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. இத்தனைக்கும் வீட்டில் சமையல் என் கையில்தான். சமைப்பவளுக்கே அளவு சொல்லுகிற காலம். அவர்கள் சாப்பிடுகிற அழகையும் சொல்ல வேண்டும். போன வருஷம் பிரியா மூன்று லிட்டர் பிடிக்கிற கண்ணாடிக் கூஜா ஒன்று வாங்கினாள். அது மேசை நடுவில் நிற்கும். மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் என்று முழுங்குவார்கள். தண்ணீரைக் குடித்தே வயிற்றை நிரப்புகிறீர்களே, உங்களுக்கெல்லாம் சாப்பிடவே தெரியவில்லை என்று நான் திட்டாத நாள் கிடையாது.

எட்டு மணிக்குக் குலசேகரம் பேருந்து. சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கடற்கரை ஊரான இனயத்துக்காரர்; எழுபது வயதுக்கு மேலிருக்கும். நாகர்கோவிலில் மகளைப் பார்த்துவிட்டு, தக்கலையில் இறங்கிக் கருங்கல் வழியாக வீட்டுக்குப் போகிறார். வாழ்நாள் முழுக்க மீன் விற்றவர். பல் எல்லாம் போயும் மீன் தலையை விடுவதில்லை என்று சொன்னதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பின்னே அவரே ஒன்று சொன்னார்: "ஆனா மக்கா, எனக்க நாக்கில இப்ப உப்பு ஏறாது. மருமோ தொட்டுப் பாத்துச் சொன்னாத்தான் நான் சட்டிய எறக்குவேன்." வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு என்னவோ பாவமாக இருந்தது. எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை என்று ஒரு பெருமையும், ஏன் மறைக்க வேண்டும், இருந்தது.

தக்கலைக்குப் பிறகு பேருந்தில் காற்று மாறியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஈரம், புளித்த ரப்பர்ப்பாலின் வாடை. ஒன்பதே முக்காலுக்குக் குலசேகரம். அங்கிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய்.

அண்ணன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து மூன்று நாள் இருக்கும். என்னைப் பார்த்ததும் "வந்தியா பிள்ளே" என்றவர், பைபிளுக்குள்ளிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சபைக் கமிட்டி அச்சடித்தது. இந்த வருஷம் முதல் எழுபது வயது கடந்தவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை. அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கருதி, பக்கத்துக் கூடத்தில் மூத்தோர் பந்தி. அதில் இறைச்சி இல்லை. உப்பும் காரமும் குறைத்த கஞ்சி, சிறுபயறு, சுட்ட பப்படம். கீழே, உப்புப் பார்க்கும் பொறுப்பும் இளையவர்களிடம் ஒப்படைக்கப்படும் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியின் கனம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் அசனத்தில் குழம்பு கொதிக்கும் வார்ப்பை, அதாவது இரண்டு ஆள் உட்காரக்கூடிய செம்புப் பாத்திரத்தை, சமையல்காரர் தன் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. சபையில் ஒருவர் உப்புப் பார்க்க வேண்டும். சமையல்காரர் கரண்டியில் கோரி, வாழையிலைத் துண்டில் விட்டுக் கொடுப்பார். உப்புப் பார்ப்பவர் நக்கிவிட்டு "ஆச்சு" என்று சொன்னால்தான் வார்ப்பு அடுப்பைவிட்டு இறங்கும். அதற்குப் பிறகுதான் போதகர் ஜெபிப்பார். அண்ணனுக்கு முப்பத்தாறு வயதில் அந்தப் பொறுப்பு கிடைத்தது. நாற்பது வருஷம். எங்கள் அப்பா செத்த வருஷம்கூட வேட்டியை மாற்றிக்கொண்டு போய் உப்புப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் நாளைக்குக் கோயிலுக்குப் போவல்ல" என்றார் அண்ணன். "இனி எப்பவுமே போவல்ல. கஞ்சி குடிக்க எனக்கு எனக்க வீடு இருக்கு."

எனக்கு உச்சந்தலை சுட்டது. வயதானால் பசி குறைகிறது, உண்மைதான். ருசி மாறுகிறது, பல் ஆடுகிறது, முன்பு பிடித்த வாசனை குமட்டுகிறது, இறைச்சி ஒரு துண்டோடு போதும் என்றாகிறது. இதெல்லாம் உடம்பு எங்களிடம் நேராகச் சொல்லிவிட்டுச் செய்கிற வேலை. எங்களைக் கேட்காமல் எங்கள் இலையில் கை வைக்க இவர்கள் யார்? கஞ்சி வேண்டுமென்று யார் கேட்டார்கள்? அண்ணனின் மருமகள் ஷீபா மதியம் மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் குழம்பும் விளம்பினாள். அண்ணனுக்கு மட்டும் குழம்பு தனிக் கிண்ணத்தில் வந்தது. பெரியவர் என்ற மரியாதை என்று நினைத்தேன். எனக்கு வைத்த குழம்பில் உப்பு கொஞ்சம் மட்டு. பத்திய வீட்டுச் சமையல் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஆலய மைதானத்துக்குக் கிளம்பினேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டை. ஒரு கமிட்டியைச் சமாளிக்காதா? பந்தல் போட்டிருந்தார்கள். தேங்காய் துருவும் சத்தம். சபைச் செயலாளர், ஐம்பது வயதுக்காரர், ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நோட்டீஸை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இது யாருடைய புத்தி என்று கேட்டேன். ஆரோக்கியம், ரத்த அழுத்தம், டாக்டர்கள் என்று என்னென்னவோ சொன்னார். அவர் கண் மட்டும் சமையல்காரர் தாசையன் இருந்த பக்கமே போய்க்கொண்டிருந்தது. நான் தாசையனிடம் போனேன். அவர் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"டீச்சரே, போன வருசம் அண்ணாச்சி மூணு தடவ உப்பு போடச் சொன்னாரு" என்றார் தாசையன். "நான் அளந்துதான் போட்டிருந்தேன். அவரு நக்கிப் பாத்துட்டு, இன்னும் ஒரு கை போடுன்னாரு. போட்டேன். பின்னயும் ஒரு கை. பின்னயும் ஒண்ணு. நாப்பது வருசமாட்டு அவருக்க நாக்கு தப்பினதில்ல. நான் என்ன செய்ய?"

குடிக்கிற தண்ணீரை எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்பார்கள். முதல் பந்தி உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் சனம் முழுக்க வெள்ளம், வெள்ளம் என்று கேட்டதாம். இரண்டாவது பந்தி முடிவதற்குள் ஆலயத்தின் மேலிருந்த தொட்டி காலி. பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு அழுதிருக்கின்றன. எண்ணூறு பேரும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டு, இலையை மடக்கி, அண்ணனிடம் வந்து "அசனம் கொள்ளாம் அண்ணாச்சி" என்று பாராட்டிக் கைகொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் சொல்லவில்லை.

"எதுக்கு சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"அவருக்க மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன் டீச்சரே?"

அதற்குள் செயலாளர் பின்னால் வந்து நின்று மீதியைச் சொன்னார். அண்ணனை மட்டும் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே எழுபது கடந்த எல்லோரையும் ஒன்றாக நகர்த்திவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்ததாம். ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து, ஊரிலிருக்கிற கிழவர் கிழவிகள் அத்தனை பேரின் இலையிலிருந்தும் இறைச்சியைப் பிடுங்கியிருக்கிறார்கள். இதைச் செய்ய ஒரு கூடம், ஒரு நோட்டீஸ், ஒரு தீர்மானம். மரியாதை என்ற பெயரில் இப்படி ஒரு கோழைத்தனத்தை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது என்று சத்தமாகவே சொன்னேன். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

கோபத்தில் இன்னொன்றும் சொன்னேன். வயதானால் நாக்கு செத்துவிடுமா, எனக்கு அறுபத்தேழு, எங்கே, கொடு பார்க்கலாம் என்றேன். வேலையாட்களுக்காகச் சின்ன உருளியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தாசையன் தயங்கித் தயங்கி இலைத்துண்டில் விட்டுக் கொடுத்தார். நக்கினேன். "உப்பு போதாது" என்றேன்.

தாசையன் மசாலா அரைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதே கரண்டியை நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தாள். செயலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லுங்கள், கூடவா குறைவா என்று நான் கேட்டேன். "சரியா இருக்கு டீச்சரே" என்றாள் அவள், கெஞ்சுகிற மாதிரி. அப்போதுதான் பேருந்தில் வந்த இனயத்துக்காரர் ஞாபகம் வந்தது. மதியம் சாப்பிட்ட சாளைக்குழம்பும் ஞாபகம் வந்தது. திரும்பி நடந்தேன். வீடு அரை கிலோமீட்டர்தான்; அன்றைக்கு அது மலையேறுகிற மாதிரி இருந்தது.

ஷீபாவை அடுக்களையில் வைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ரெண்டு வருசமாட்டு மாமாவுக்க கிண்ணத்தில தனியா உப்பு கலக்கிதேன் மாமி" என்றாள். "இல்லேண்ணா அவிய சாப்பிடாம எந்திரிச்சிருவாவ." ரத்த அழுத்த மாத்திரை தின்கிற மனிதருக்கு! அவளைத் திட்டலாமென்று வாயைத் திறந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. வீட்டுச் சாப்பாடு தினமும் சரியாகவே ருசித்ததால்தான் தன் நாக்கு மாறியதே அண்ணனுக்குத் தெரியவில்லை. அவள் அன்பால் செய்தாள், ஊரார் பயத்தால் செய்தார்கள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. அண்ணன் கட்டன்காப்பியோடு முற்றத்தில் நின்றார். ராத்திரி முழுக்க யோசித்து வைத்த முன்னுரை எல்லாம் மறந்துபோனது. "அண்ணா, போன வருசம் உப்பு கூடிப்போச்சு. மூணு கை. உனக்க நாக்குக்கு இப்ப உப்பு தெரியல்ல. எனக்கும் தெரியல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

காப்பி டம்ளரைத் திண்டின் மேல் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்டார். சாப்பிட்டார்கள் என்றேன். யாராவது இலையில் மிச்சம் வைத்தார்களா என்றார். இல்லை என்றேன். ஷீபாவுக்குத் தெரியுமா என்றார். கதவோரம் நின்ற ஷீபா தலையைக் குனிந்தாள். அண்ணன் அழுவார் என்று பயந்தேன். அவர் முகம் சிவந்தது.

"எண்ணூறு பேருக்கு நாக்கு இருந்திருக்கு. ஒருத்தனுக்காவது வாய் இல்லாம போச்சே" என்றார். பிறகு ஷீபாவிடம் சவரக்கத்தியைக் கொண்டுவரச் சொன்னார்.

பதினொன்றரை மணிக்கு ஆராதனை முடிந்தது. வெள்ளை வேட்டியில் அண்ணன் அடுப்படிக்குப் போனார். இளைஞர் சங்கத்திலிருந்து உப்புப் பார்க்க நியமித்திருந்தவர் ஒதுங்கி நின்றார். தாசையன் பழக்க தோஷத்தில் இலைத்துண்டை அண்ணனிடமே நீட்டிவிட்டார். அண்ணன் வாங்கினார். நக்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஷீபாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். எங்கள் சபையில் ஒரு பெண் உப்புப் பார்த்ததை நான் கண்டதில்லை.

"பயப்படாத. உள்ளதச் சொல்லு" என்றார்.

ஷீபா நக்கிப் பார்த்தாள். "அரைக் கை போடலாம் மாமா."

அரைக் கை விழுந்தது. கிண்டிவிட்டு மறுபடியும் கொடுத்தார்கள். அவள் தலையசைத்தாள். அண்ணன் "ஆச்சு" என்றார். வார்ப்பு இறங்கியது.

அதோடு அவர் நிற்கவில்லை. நேரே கூடத்துக்குப் போனார்; பின்னால் நானும் செயலாளரும். நாற்பது நாற்பத்தைந்து மூத்தோர் கஞ்சிப் பாத்திரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் குழம்பில் உப்பு கூடியது என்னால்தான், அதற்காகத்தான் உங்களை இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள், எழுந்து வாருங்கள் என்று அண்ணன் சொன்னார். முன்வரிசையிலிருந்த ஒரு அம்மா, "உப்பு கூடியா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். "போன வருசத்துக் கறிதானே நல்லா இருந்துது?" ஆமாம் என்றது பின்வரிசை. கூடம் முழுக்கத் தலையாட்டியது. செயலாளர் தரையைப் பார்த்தார். முந்தின நாள் மசாலா அரைத்த பெண் பார்த்த மாதிரியே.

அவர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். எல்லோரும் இல்லை. ஏழெட்டுப் பேர், எங்களுக்குக் கஞ்சிதான் ஒத்துக்கொள்ளும் என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம் எரிச்சல் வந்தது. பிறகு, கேட்டபின் அவர்கள் எடுத்துக்கொண்ட கஞ்சி அது, அதில் எனக்கு என்ன வேலை என்று பேசாமல் இருந்துவிட்டேன். பந்தியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கை சோறு, ஒரே ஒரு துண்டு இறைச்சி, அதற்குமேல் முடியவில்லை. அண்ணனும் அவ்வளவுதான். குழம்பு எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. சுற்றிலும் யாரும் வெள்ளம் கேட்கவில்லை என்பதை வைத்து உப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

மாலை ஐந்தரை, நாகர்கோவில் சந்திப்பு. ஷீபா கட்டிக்கொடுத்த பொதிச்சோறு மடியில் இருந்தது. நாற்பது வருஷம் வெளியூரில் இருந்துகொண்டு, எங்கள் ஊர்க்காரர்கள் மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர்கள் என்று திருச்சியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தவள் நான். இனி அதைச் சொல்ல வாய் வராது. எங்கள் வீட்டில் இப்படியொரு பூசிமெழுகல் நடக்காது என்று நினைத்துக்கொண்டே குடிப்பதற்குத் தண்ணீர் போத்தலை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பிரியாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஊர் எப்படி, முழங்கால் எப்படி என்று அவள் கேட்க, நான் நடுவில் நிறுத்தினேன்.

"உண்மையைச் சொல்லு. என் சமையலில் உப்பு கூடுதலா?"

எண்ணூறு பேர் சேர்ந்து காத்த அதே மௌனத்தை அவள் ஒருத்தியே காத்தாள். வண்டி வருவதாக ஒலிபெருக்கி சொல்லி முடித்த பிறகுதான் பேசினாள்.

"கூஜா வாங்கினதே அதுக்குத்தான் அத்தை."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று வண்டி ஆரல்வாய்மொழி தாண்டும்வரை தெரியவில்லை.